ஐந்தாவது டிஸ்க்கில்தான் படம் ஓடியது

தாத்தா இருந்த காலத்தில் வீடியோ கேமராவில் எடுத்த மினி டிவி (MiniDV) டேப்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிற்காலத்தில் போனில் எடுத்த துண்டுகளையும் சேர்த்து, ஒரு நீளப் படமாக வெட்டி ஒட்டினேன். அந்த வேலைக்கு மூன்று மாதம் பிடித்தது. பெரியம்மாவிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பழைய டிவிடி பிளேயரும், அதைவிடப் பழைய பெட்டி டிவியும் உண்டு. "ஒரு டிஸ்க்ல போட்டுக் கொடுடா, போதும்" என்றார். படத்தை முடித்தாகிவிட்டதே, டிஸ்க்கில் போட அரை மணி நேரம் ஆகுமா என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து டிஸ்க் ஆனது.

முதல் டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்பி4 கோப்பை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டு எரித்தேன், அதாவது பர்ன் செய்தேன். மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன்: "டிஸ்க் சுத்துதுடா, அப்புறம் என்னமோ எழுத்து வந்து நின்னுடுது." பிளேயரைக் குறை சொல்லி என்ன செய்ய? டிவிடி பிளேயர் என்பது ஒரு கம்ப்யூட்டர் இல்லை. டிஸ்க்கைப் போட்டதும் அது ஒரே ஒரு ஒழுங்கைத்தான் தேடும். வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் ஐஎஃப்ஓ கோப்புகள், அவற்றின் நகலான பியுபி கோப்புகள், படமும் ஒலியும் கலந்து அடைபட்ட விஓபி கோப்புகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. எந்தப் படம் எங்கே தொடங்குகிறது, மெனுவில் எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற வழித்தடமெல்லாம் ஐஎஃப்ஓவில் இருக்கிறது. பிளேயர் அதைப் படித்துத்தான் நடக்கும். அது இல்லாத டிஸ்க், விலாசம் எழுதாத கடிதம் மாதிரி.

உள்ளே இருக்கும் படமும் எம்பெக்-2 என்ற சுருக்க வடிவில்தான் இருக்க வேண்டும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃப்ரேம். வட அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து என்டிஎஸ்சி முறை என்றால் 720க்கு 480, நொடிக்கு 29.97. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில், பெரும்பாலும் ஏசி-3 வடிவில். போன் வீடியோவில் இருக்கும் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் டிவிடி என்ற தரத்திலேயே கிடையாது. அந்தத் தரம் 1990களின் நடுவில் தீர்மானமானது. அப்போது இவை பிறக்கவே இல்லை.

ஆக, டிஸ்க் எரிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. படத்தை எம்பெக்-2ஆக மாற்றுவது ஒன்று. அதை டிவிடி ஒழுங்கில் கட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலைக்கு ஆதரிங் என்று பெயர். விண்டோஸ் 7 வரை அதற்கான சின்ன மென்பொருள் கூடவே வந்தது, விண்டோஸ் 8இலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் பிடித்துக்கொண்டது டிவிடி ஸ்டைலர். இலவசம், மெனுவும் போடலாம், கொடுத்த கோப்பை அதுவே எம்பெக்-2ஆக மாற்றியும் கொள்ளும். பலர் பெயர் சொல்லும் ஹேண்ட்பிரேக் இந்த வேலைக்கு ஆகாது. அது டிவிடியிலிருந்து எம்பி4 எடுக்கும், திரும்பிப் போகத் தெரியாது.

இரண்டாவது டிஸ்க் ஓடியது. பெரியம்மா வீட்டிலேயே உட்கார்ந்து கூடவே பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முதலில் மெனு. பின்னால் பாட்டு ஓட, படங்கள் நகர, அதன்மேல் ஐந்து பட்டன் வரும்படி ஒரு மெனு செய்திருந்தேன். எனக்கே அதில் கொஞ்சம் பெருமை. பெரியம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "படம் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டபடி அதே மெனுவை மூன்று சுற்று பார்த்தார். தேர்வாகியிருக்கும் பட்டனுக்கும் மற்றதற்கும் நிற வித்தியாசம் அந்த டிவியில் தெரியவேயில்லை. அடுத்த டிஸ்க்கிலிருந்து, போட்டதும் படம் நேராக ஓடும்படி மாற்றிவிட்டேன். ஆதரிங் மென்பொருளில் முதலில் எது ஓட வேண்டும் என்று சொல்ல ஓர் இடம் இருக்கும். அதில் படத்தையே கொடுத்துவிடலாம். மெனு வேண்டுமென்றால் படம் முடிந்த பிறகு வரட்டும்.

அடுத்தது எழுத்து. ஒரு காட்சிக்கு இடது ஓரத்தில் "பெரியம்மா வீட்டில்" என்று தலைப்புப் போட்டிருந்தேன். டிவியில் "பரியம்மா வீட்டில்" என்று வந்தது. கொம்பு திரைக்கு வெளியே போய்விட்டது. பழைய பெட்டி டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். ஓவர்ஸ்கேன் என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 5 சதவீதம் போகும் என்று கணக்கு வைத்து, எழுத்தை 10 சதவீதம் உள்ளே தள்ளி வைப்பதுதான் வழக்கம். எடிட்டிங் மென்பொருளில் சேஃப் ஏரியா என்று இரண்டு கட்டம் காட்டும் வசதி இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு எழுதினால் போதும். பெரியம்மா மட்டும் அதற்குப் பிறகு ஒரு மாதம் போனில் "பரியம்மா பேசறேன்" என்றே ஆரம்பித்தார்.

தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில ஆதரிங் மென்பொருள்களில் மெனுவில் நேரடியாகத் தமிழில் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே பறக்கும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏதாவது ஒரு படம் வரையும் மென்பொருளில் எழுத்தோடு சேர்த்துப் பின்னணியைப் படமாகவே செய்து, அதை மெனுவுக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. டிவிடியின் சப்டைட்டிலும் உண்மையில் எழுத்தில்லை, நாலே நிறத்தில் சின்னச் சின்னப் படங்கள்தான். அதனால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கவலையே வேண்டாம். நம் பக்கம் சரியாக வரைந்து கொடுத்தால் எந்தப் பிளேயரும் காட்டும்.

இவையெல்லாம் சின்ன விஷயம். உண்மையில் என்னை உலுக்கியது படத்தின் நடுக்கம். தாத்தா கை ஆட்டினால் கை முன்னும் பின்னுமாக உதறியது. கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் சுவரே துடித்தது. கம்ப்யூட்டரில் பார்த்தபோது இது எதுவுமே தெரியவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பழைய டேப் கேமராக்கள் ஒரு ஃப்ரேமை முழுசாக எடுப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளை (மேல் ஃபீல்டு) ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகளை (கீழ் ஃபீல்டு) இன்னொரு கணத்திலும், 50இல் ஒரு பங்கு நொடி இடைவெளி விட்டு, இரண்டு ஃபீல்டாக எடுக்கும். எது முதல், எது இரண்டாவது என்ற வரிசை மிக முக்கியம். மினி டிவி டேப்பில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். நான் எம்பெக்-2ஆக மாற்றும்போது மேல் ஃபீல்டு முதலில் என்று குறித்திருந்தது. அதாவது பிந்திய ஃபீல்டை முதலிலும், முந்தியதைப் பின்னாலும் காட்டச் சொல்லியிருக்கிறேன். கை முன்னால் போய்ப் பின்னால் வந்து மறுபடி முன்னால் போகாமல் என்ன செய்யும்? கம்ப்யூட்டர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு ஃபீல்டையும் கலந்து ஒரே படமாக்கிக் காட்டுவதால் குட்டு வெளிப்படவில்லை. பெட்டி டிவி உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது.

தீர்வு ஒரு டிக் குறிதான். மூலம் எந்த வரிசையோ, எடிட்டிங் டைம்லைன், ஏற்றுமதி, எம்பெக்-2 மாற்றம் மூன்றிலும் அதே வரிசை இருக்க வேண்டும். இடையில் படத்தின் உயரத்தை மாற்றவும் கூடாது, மாற்றினால் வரிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். டேப்பிலிருந்து வருவதே 720க்கு 576 என்பதால் எனக்கு மாற்ற அவசியமே இருக்கவில்லை. நான்தான் நடுவில் எச்டியாக்கி, திரும்பச் சின்னதாக்கி வைத்திருந்தேன். பெரிதாக்கினால் தெளிவு கூடும் என்ற ஆசை. கூடவில்லை.

போன் துண்டுகளின் பிரச்சினை வேறு. அங்கே படம் நடுங்கவில்லை, ஆனால் பத்து நிமிடம் போனதும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். வெளிச்சத்துக்குத் தக்கபடி நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைப் போன் கூட்டியும் குறைத்தும் எடுக்கிறது. டிவிடிக்கோ ஒரே சீரான எண்ணிக்கை வேண்டும். எடிட்டிங்கில் போடுவதற்கு முன்பே அந்தத் துண்டுகளைச் சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டேன். ஹேண்ட்பிரேக் இதற்கு உதவியது, கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் என்ற தேர்வு அதில் இருக்கிறது. 30இலிருந்து 25க்கு இறக்கும்போது நகர்வில் லேசாக ஒரு வெட்டு தெரியும். அதை விட்டுவிட்டேன். பெரியம்மா கண்ணுக்கும் அது படவில்லை.

டேப் 4:3, போன் 16:9. டிவிடியில் இரண்டுக்கும் புள்ளிக் கணக்கு ஒன்றுதான். எவ்வளவு அகலமாக இழுத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே போகும். அந்தக் குறிப்பு தவறினால் எல்லோரும் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். பார்க்கப்போகும் டிவி 4:3 என்பதால் முழுப் படத்தையும் 4:3இல் வைத்து, போன் துண்டுகளுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டேன். உங்கள் வீட்டில் அகல டிவி என்றால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

அதே டிஸ்க்கில் இருட்டான காட்சிகள் கட்டம் கட்டமாகவும் தெரிந்தன. அதற்குக் காரணம் பேராசை. படம் 110 நிமிடம். ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி என்று எழுதியிருக்கும். அது ஆயிரத்தின் பெருக்கமாக எண்ணும் கணக்கு, விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும். 470 கோடி பைட்டை 8ஆல் பெருக்கினால் 3,760 கோடி பிட். அதை 6,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 5.7 மெகாபிட் கிடைக்கும். படம், ஒலி, மெனு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் ஸ்டாண்டில் வைத்து எடுத்த படத்துக்கு இது தாராளம். கையில் பிடித்து ஆட்டி ஆட்டி, மங்கிய விளக்கில், டேப்பின் புள்ளிமழையோடு எடுத்ததற்குப் போதாது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றையும் எம்பெக்-2 புதுச் செய்தியாக நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும்.

இரண்டு அடுக்கு டிஸ்க் எடுத்தால் 8.5 ஜிபி கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்தது. பழைய பிளேயர்கள் வீட்டில் எரித்த இரட்டை அடுக்கைப் பார்த்து முரண்டு பிடிக்கும் என்பதால் கைவிட்டேன். பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து படத்தையே பார்த்தேன். 110 நிமிடத்தில் 26 நிமிடம், நான் எடுத்தேன் என்ற ஒரே காரணத்துக்காக இருந்தது. வெட்டிவிட்டேன். 84 நிமிடம் ஆனது. பிட் கணக்கு இல்லாவிட்டால் அதை வெட்டியிருக்கவே மாட்டேன். படத்துக்கு அது நல்லதாகவே போயிற்று.

இன்னொரு தவறையும் அப்போதுதான் திருத்தினேன். எடிட்டிங்கிலிருந்து இறுக்கிச் சுருக்கிய எம்பி4ஆக வெளியே எடுத்து, அதை மறுபடி எம்பெக்-2ஆகச் சுருக்கியிருந்தேன். ஒரு முறை பிழிந்த எலுமிச்சையை மறுபடி பிழிந்த கதை. முதல் ஏற்றுமதி எவ்வளவு பெரிய கோப்பானாலும் பரவாயில்லை, நல்ல தரத்தில் எடுக்க வேண்டும். எம்பெக்-2 மாற்றத்தில் இரண்டு பாஸ் என்ற தேர்வு இருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எந்த இடம் கடினம் என்று பார்த்துவைத்து, இரண்டாவதில் அங்கே பிட்டை அதிகம் கொடுக்கும்.

திரும்பத் திரும்ப டிஸ்க்கை வீணாக்க வேண்டாம் என்று மூன்றாவதாக ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க் வாங்கினேன், அழித்து அழித்து எழுதலாமே என்று. என் வீட்டுப் பிளேயரில் ஓடியது. பெரியம்மாவுடையது "டிஸ்க் இல்லை" என்றது. அழித்து எழுதும் டிஸ்க்குகளில் ஒளி திரும்பி வருவது குறைவு, பழைய பிளேயரின் கண்ணுக்கு அது எட்டாமல் போகலாம். பரிசோதனைக்கு ஆர்டபிள்யூ நல்லதுதான், கொடுப்பதற்கு டிவிடி-ஆர் எடுத்துக்கொள்ளுங்கள். டிவிடி+ஆர் மட்டுமே கையில் இருந்தால், சில டிரைவ்களில் அதை டிவிடி-ரோம் வகையாக அடையாளம் காட்டும்படி எரிக்கலாம். புக் டைப் என்று இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் இருக்கும். பழைய பிளேயர்கள் அதற்கு இணங்குவதுண்டு.

நாலாவது டிஸ்க்கில்தான் வயிறு எரிந்தது. எல்லாம் சரி. நடுக்கம் இல்லை, கட்டம் இல்லை, பெரியம்மாவுக்குக் கொம்பும் திரும்பக் கிடைத்துவிட்டது. 74 நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடியது. கடைசிப் பத்து நிமிடம் தாத்தா தன் சின்ன வயதைப் பற்றிப் பேசுகிற காட்சி. மொத்தப் படத்தையும் அதற்காகத்தான் செய்தேன். அங்கே போய்ப் படம் நின்றது, தாவியது, மறுபடி நின்றது. "விடுடா, ஞாபகம் இருக்கு" என்றார் பெரியம்மா. அதைக் கேட்டது டிஸ்க் நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

டிவிடி உள்வட்டத்தில் எழுத ஆரம்பித்து வெளி ஓரத்தை நோக்கிப் போகும். கைரேகை, வளைவு, எரிக்கும்போது ஏற்படும் தடுமாற்றம், மலிவு டிஸ்க்கின் சாயப்பூச்சுக் கோளாறு எல்லாம் மோசமாக விழும் இடம் வெளி ஓரம். நானோ 84 நிமிடத்துக்கும் இடம் தாராளமாக இருக்கிறதே என்று பிட் ரேட்டை 7 மெகாபிட்டுக்கு ஏற்றி, டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பி, டிரைவ் எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகத்தில், 16 எக்ஸில் எரித்திருந்தேன். மிக முக்கியமான காட்சியை மிக ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நானே வைத்திருக்கிறேன்.

ஐந்தாவதற்கு வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினேன். படத்தின் பிட் ரேட்டை 6.2 மெகாபிட்டாக இறக்கினேன், உச்சம் 8ஐத் தாண்டாதபடி கட்டினேன். தரத்தின்படி படத்துக்கு 9.8 வரை போகலாம், ஆனால் வீட்டில் எரித்த டிஸ்க்கை அவ்வளவு வேகமாகப் படிக்கப் பழைய பிளேயர் திணறும். ஒலி ஏசி-3இல் 224 கிலோபிட். மொத்தம் 4.2 ஜிபிக்குள் நின்றது, வெளி ஓரம் கொஞ்சம் காலியாகவே இருந்தது. நேரே டிஸ்க்கில் எரிக்காமல் முதலில் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பில் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டுக் கடைசிவரை பார்த்தேன். பிறகு 8 எக்ஸில் எரித்து, எரித்ததைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபை தேர்வையும் கொடுத்தேன். அந்த நேரம் கம்ப்யூட்டரில் வேறெதையும் தொடவில்லை. எரித்து முடித்ததும் டிஸ்க்கை மூடிவிடுவதும் முக்கியம், ஃபைனலைஸ் என்பது அதுதான். மூடாத டிஸ்க்கைப் பிளேயர் வெறும் டிஸ்க்காகவே பார்க்கும்.

மேலே ஒட்டும் லேபிள் வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் சுற்றும்போது டிஸ்க் ஆடும். எண்ணெய் இல்லாத மார்க்கரால் எழுதினேன். இந்த டிஸ்க்கையே நம்பி டேப்பைத் தூக்கிப் போடவும் வேண்டாம். எடிட் செய்த மூலப்படமும் ஐஎஸ்ஓவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் பிளேயர்கள் பெரும்பாலும் என்டிஎஸ்சியையும் ஓட்டிவிடும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கும் என்டிஎஸ்சி பிளேயர்கள் பாலை ஓட்டும் என்று நம்ப முடியாது.

இம்முறை நான் கூடப் போகவில்லை, டிஸ்க்கைக் கொடுத்தனுப்பிவிட்டேன். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

"ஓடுச்சா பெரியம்மா?"

"தினம் ஓடுது. ஆனா தாத்தா பேசறதுக்குப் போறதுக்குள்ள ஒவ்வொரு தடவையும் முழுசா ஓட்ட வேண்டியிருக்கு. அதுக்கு நேரா போக ஒரு பட்டன் வையேன்."

மெனு வேண்டாம் என்று நானே தூக்கியிருந்தேன். இப்போது ஒரே ஒரு பட்டனோடு ஆறாவது டிஸ்க் செய்தேன். ரிமோட்டில் அடுத்து என்பதை அழுத்தினாலும் அங்கே போகும்படி அத்தியாயக் குறி ஒன்றும் போட்டேன். முதல் முயற்சியில் தாத்தாவின் முதல் சொல் பாதி விழுங்கப்பட்டது. அத்தியாயக் குறியை நினைத்த இடத்தில் வைக்க முடியாது, முழுப் படமாகச் சேமித்த ஃப்ரேமில்தான் அது உட்காரும். பால் டிவிடியில் அப்படி ஒரு ஃப்ரேம் பொதுவாக 12 அல்லது 15 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் வரும். நல்லவேளை, இந்த முறை ஐஎஸ்ஓவிலேயே பார்த்துவிட்டதால் டிஸ்க் வீணாகவில்லை. குறியை ஒரு நொடி முன்னால் நகர்த்தினேன். இப்போது பட்டனை அழுத்தினால் தாத்தா முதலில் தொண்டையைச் செருமுவார், அப்புறம்தான் பேச ஆரம்பிப்பார்.